ஒரே கடல்: ஒருவருக்குப் பந்தயம், இன்னொருவருக்குப் பாடை!

- நமது நிருபர் -

சென்னை நகரில் கோடை லீவு விட்டாச்சு என்றால் இரண்டு சங்கதி தவறாமல் நடக்கும்.

ஒன்று, துறைமுகத்துக்குள்ளே குட்டிக் குட்டிப் பாய்மரப் படகுகள் தண்ணீரில் இறங்கும். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படகில் ஏறி, ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் சுக்கான் என்று பந்தயம் விடுவார்கள்.

இன்னொன்று, மெரினாவிலோ, பட்டினப்பாக்கத்திலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ குளிக்கப் போன மாணவனின் பிணம் கரை ஒதுங்கும். மறுநாள் பேப்பரில் ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்று ஆறு வரி வரும்.

முதல் சேதி விளையாட்டுப் பக்கத்துக்குப் போகும். இரண்டாவது போலீஸ் சேதி. இரண்டுமே ஒரே கடலில், ஒரே மாசத்தில், அஞ்சாறு மைல் தூரத்துக்குள் நடக்கிறவைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை. இன்றைக்குப் பார்ப்போமே!

காலையில் பலகை, மதியம் பாய்!

கோடையில் சென்னைக் கடலுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. ஏப்ரல், மே மாசத்தில் விடிகாலையில் காற்று அடங்கிக் கிடக்கும். தண்ணீர் தட்டு மாதிரி இருக்கும். அதுதான் துடுப்புப் பலகைக்காரர்களின் நேரம். பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு தட்டைப் பலகை. அதன் மேல் நின்றுகொண்டு ஆள் உயரத் துடுப்பைத் தண்ணீரில் குத்திக் குத்திப் போக வேண்டும். பலகை ஓடிவிடாமல் இருக்கக் கணுக்காலில் ஒரு கயிறு. ‘பேடில் போர்டு’ என்கிறார்கள். கோவளம், முட்டுக்காடு பக்கம் காலை ஆறு மணிக்குப் போனால் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள்.

தரை காய்ந்து சூடேறினதும், பதினோரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் கடலில் இருந்து காற்று புறப்படும். மயிலாப்பூர் மாமியும் தண்டையார்பேட்டை ரிக்‌ஷாக்காரரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிற அதே கடல் காற்றுதான். அதற்காகத்தான் பாய்மரப் படகுக்காரர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள். தரைக் காற்று பலமாக வீசுகிற நாளில் கடல் காற்று உள்ளே வர முடியாது. ஊரில் வெயில் 42 டிகிரியைத் தொடும். படகும் சரியாக ஓடாது.

பந்தயம் என்றதும் மோட்டார் படகு மாதிரி நேரே சீறிக்கொண்டு போவது என்று நினைக்க வேண்டாம். பாய்மரப் படகு காற்றுக்கு எதிராக நேரே போகவே போகாது. கொஞ்ச தூரம் சாய்வாக இடப் பக்கம், அப்புறம் திரும்பிச் சாய்வாக வலப் பக்கம், இப்படி வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும். தண்ணீரில் மிதவைகளைப் போட்டிருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு வரணும். எந்தப் பக்கம் காற்று கூடும், நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவன் ஜெயிப்பான். முரட்டு பலத்துக்கு இங்கே இரண்டாவது இடம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் நம் குப்பத்து மீனவர்களுக்குப் பாட்டன் காலத்துப் பாடம். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பேர் வைத்தவர்கள் அவர்கள்.

துறைமுக கேட்டுக்கு உள்ளே...

சென்னையில் பாய்மரப் பந்தயம் இன்று நேற்று வந்ததில்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது அவருக்குக் கைகொடுத்தாரே, அதே துரைதான்! கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் பயிற்சியும் துறைமுகத்தில்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அங்கே இருந்து வந்தவர்கள் பெரிய பேர் வாங்கியிருக்கிறார்கள். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் சென்னைப் பெண்கள் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் ஜோடிக்கு வெண்கலம். 2018 ஜகார்த்தாவில் வர்ஷா, சுவேதா ஷேர்வேகரோடு சேர்ந்து வெள்ளி. அதே ஜகார்த்தாவில் சென்னைப் பையன்கள் வருண் தக்கர், கே.சி.கணபதி ஜோடிக்கு வெண்கலம். இந்த ஜோடி டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போய் 17-வது இடம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நேத்ரா குமணன். 2009-ல் கோடை முகாமில் சேர்ந்த பன்னிரண்டு வயசுப் பெண். லீவில் பொழுது போகட்டும் என்று வந்தவர்தான்! 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார். 2021-ல் ஓமான் நாட்டில் நடந்த தகுதிப் பந்தயத்தில் தேறி, பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓட்டி 21-வது இடத்தில் வந்தார்.

இப்போ ஒரு கேள்வி. இந்தப் பேர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கினவன் பேர்கூடத் தெருவுக்குத் தெருத் தெரிகிறது. கடலில் காற்றைப் பிடித்து ஆசிய மெடல் வாங்கினவர்களை அவர்கள் தெருக்காரர்களுக்குத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

காரணம் லேசானது. ஜனங்கள் அதைப் பார்த்ததே இல்லை. துறைமுகம் பாதுகாக்கப்பட்ட இடம். வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. பாஸ் இல்லாமல் காக்காய்கூட நுழைய முடியாது. பாதுகாப்பு வேண்டியதுதான், அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஊரில் பந்தயம் நடக்கிற தண்ணீருக்கு கேட் போட்டிருக்கிறது என்பதும் உண்மை. ராயபுரத்துப் பையன் கல் எறிகிற தூரத்தில் குடியிருக்கிறான். படகைப் பார்க்கணும் என்றால் அவனுக்கு டி.வி.தான் கதி.

அப்புறம் பணம். பயிற்சிக் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தொடர்ந்து பந்தயம் விடணும் என்றால் சொந்தப் படகு வேண்டும். ஒலிம்பிக்கில் விடுகிற ஒற்றை ஆள் படகு ஒன்றே சில லட்சம் ரூபாய். பாய் கிழிந்தால் மாற்றணும், வெளிநாடு போகணும், அங்கே படகு வாடகைக்கு எடுக்கணும். நேத்ராவே ஸ்பெயின் நாட்டுக் கானரித் தீவு வரைக்கும் போய்ப் பயிற்சி எடுத்தவர். கார்ப்பரேஷன் ஸ்கூல் பையனின் அப்பாவால் ஆகிற காரியமா?

ராட்சத அலையா?

இனி கேட்டுக்கு வெளியே வருவோம்.

மெரினாவில் குளிக்க இறங்கினால் குதிரைப் போலீஸ் விரட்டும். ‘ஆபத்தான பகுதி, குளிக்காதீர்கள்’ என்று போர்டும் இருக்கிறது. மீறி இறங்குகிறவர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் மாணவர்கள். பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் நாலைந்து பேராக வருவார்கள். அநேகமாக ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. ஒருவன் இழுபடுவான். அவனைப் பிடிக்கப் போய் இன்னொருவன் போவான். போலீஸ் ஸ்டேஷனில் இயற்கைக்கு மாறான மரணம் என்று ஒரு கேஸ். முன்பெல்லாம் 174 என்று எழுதுவார்கள். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகு 194. நம்பர் மாறிச்சே தவிர, ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற தாயின் குரல் மாறவில்லை.

‘ராட்சத அலை’ என்று எழுதுகிறோமே, அது சரிதானா? கடலை அறிந்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அலை ஆளைக் கரைக்குத்தான் தள்ளும். வெளியே இழுத்துக்கொண்டு போவது வேறு.

அலை அலையாக வந்து கரையில் ஏறின தண்ணீர் திரும்பிப் போயாகணும் அல்லவா? அடியில் மணல் திட்டு, நடுவே பள்ளம். பள்ளம் இருக்கிற இடமாகப் பார்த்து, வாய்க்கால் மாதிரி அத்தனைத் தண்ணீரும் ஒன்று சேர்ந்து கடலைப் பார்த்து ஓடும். கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவன் ‘இங்கேதான் அலை கம்மி’ என்று அந்த இடமாகப் பார்த்து இறங்குகிறான்!

மாட்டிக்கொண்டவன் பயந்துபோய்க் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடுகிறான். தேறின நீச்சல்காரனாலும் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஜெயிப்பது கஷ்டம். கை சோர்ந்து மூழ்குகிறான். அந்த ஓட்டம் ஆளை அடிக்கு அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அகலமும் ரொம்ப இருக்காது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகி, அப்புறம் அலையோடு சேர்ந்து கரைக்கு வரணும். கையைத் தூக்கிக் கூப்பிடணும். இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் போதும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கோவளத்தில் அலைச்சறுக்கு விடுகிற பையன்களும் பலகைக்காரர்களும் இதே வாய்க்கால் ஓட்டத்தைத் தேடிப் பிடித்து ஏறுகிறார்கள்! அலை உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே போவதற்கு அதுதான் சுலபமான வழி. ஒருவனுக்குப் பிணவறைக்கு வழி காட்டுகிற தண்ணீர் இன்னொருவனுக்கு லிஃப்ட் மாதிரி வேலை செய்கிறது. இருவருக்கும் வித்தியாசம் பணம்கூட இல்லை, பழக்கம்.

கட்டுமரம் போச்சு, பலகை வந்துச்சு!

துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துரைமார்களையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அலையில் படகு கவிழ்ந்தால்? அதற்காகக் கூடவே கட்டுமரத்துக்காரர்கள் வருவார்கள். விழுந்த ஆளைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. இந்த ஊரின் முதல் உயிர்காப்பாளர்கள் குப்பத்து மீனவர்களே!

அந்தக் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். சேர்த்துக் கட்டின சில மரங்கள். மேலே மண்டியிட்டோ நின்றோ துடுப்புப் போடுகிற ஆள். அலை மேலே ஏறினால் உடம்பு நனையும், மரம் மூழ்காது. இன்றைக்குப் பல ஆயிரம் ரூபாய் விலைக்கு விற்கிற துடுப்புப் பலகைக்கு இது பெரியப்பா முறை ஆகாதா? ஹவாய்த் தீவுக்காரர்கள் தங்கள் கடலில் வளர்த்த விளையாட்டு என்று உலகம் சொல்கிறது, அது சரிதான். ஆனால் நொச்சிக்குப்பத்துக்காரருக்குப் பலகை மேல் தண்ணீரில் நிற்பது புதிதில்லை. ‘கேட்டமரான்’ என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம்ம கட்டுமரம்தான். டாம்பியர் என்ற வெள்ளைக்கார மாலுமி 1697-ல் வெளிவந்த பயணப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். இரட்டை அடிப்பாகம் வைத்த இன்றைய பந்தயப் படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் உருவத்தில் சம்பந்தம் இல்லை. பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு குவிந்தது. கட்டுமரம் ஏறக்குறைய மறைந்துபோச்சு. மீனவர் வீட்டுப் பையன்களும் கடலை விட்டு வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். இந்த நேரத்தில்தான் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பலகையோடு வந்தார். சின்ன வயசில் மரப் பலகையை வைத்துக்கொண்டு அலையில் சறுக்கினவர். குப்பத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அலைச்சறுக்குப் பள்ளியே வந்தது. புகை கூடாது, குடி கூடாது, அலைச்சறுக்கு மட்டும்தான் என்பது அங்கே சட்டம்! இன்றைக்கு ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சனி, ஞாயிறு காசு கொடுத்து வந்து கற்றுக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுப்பது மீனவர் பிள்ளைகள். துடுப்புப் பலகைப் பந்தயத்தில் தேசிய சாம்பியன் சேகர் பச்சையும் இந்தக் கிழக்குக் கடற்கரைக்காரர்தான். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீக் பந்தயமும், 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பும் நடந்தது என்றால் இந்தப் பையன்கள் போட்ட அஸ்திவாரமும் ஒரு காரணம்.

ஆக, நகரத் தண்ணீரில் விளையாடுகிறவர்கள் இரண்டே தரப்பு. கேட்டுக்குள்ளே வசதி உள்ளவர்கள். கடலோரத்தில் கடலிலேயே பிறந்தவர்கள். நடுவில் இருக்கிறார்களே வியாசர்பாடி, பெரம்பூர், கோடம்பாக்கம், வேளச்சேரி ஜனங்கள், அவர்களுக்குக் கடல் என்றால் சுண்டல், பஜ்ஜி, காற்று. அதற்கு மேலே போனால் போலீஸ் சேதி!

கல்லும் சாக்கடையும்

வடசென்னைக்காரனுக்கு மணல்கூட மிச்சமில்லை. துறைமுகச் சுவர் 1876-ல் எழும்ப ஆரம்பித்தது. வருஷத்தில் முக்கால்வாசி மாசம் தெற்கே இருந்து வடக்கே நகர்கிற மணலை அது தடுத்தது. தெற்கே தேங்கின மணல்தான் இந்த அகலமான மெரினா. வடக்கே மணல் வராததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் தாண்டி வரைக்கும் கரை அரித்துப்போய், வீடு வாசலைக் காக்கப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பாறாங்கல்லில் இறங்கி எந்தப் பிள்ளை படகு விடும்?

இன்னும் வடக்கே எண்ணூர். 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினது. வாளியில் அள்ளினார்களே, மறந்திருக்காது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் முகத்துவாரத்தில் எண்ணெய். மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போச்சு. அங்கே விளையாட்டைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள், நியாயம்தான்.

கூவத்தையும் அடையாற்றையும் பற்றி எழுதி எழுதிப் பேனாவே நாறிவிட்டது. முட்டுக்காடு பரவாயில்லை என்பார்கள். 1984-ல் இருந்து சுற்றுலாக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. ஆனால் பக்கிங்ஹாம் கால்வாய் அங்கேதான் வந்து சேருகிறது. வழியெல்லாம் வீட்டுக் கழிவை வாங்கிக்கொண்டு வருகிற கால்வாய். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் ஏறி இறங்காது, உள்ளே இருப்பது தேங்கிப்போகும். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பக்கத்துத் தண்ணீரின் கதி இது! பலகையில் இருந்து தவறி விழுகிறவன் வாயை மூடிக்கொண்டு விழணும்.

ஒரு லாபம் உண்டு. தண்ணீரில் ஆள் இறங்கினால்தான் தண்ணீரின் நாற்றம் வெளியே தெரியும். ஆள் இறங்காத ஆற்றுக்கு யார் மனு எழுதுவார்கள்?

கடல் இல்லாத ஊர்ப் பெண்

2023-ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் வேலூர்க்காரரான ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் வெண்கலம் வாங்கினார். அவரை ராணுவம் வளர்த்தது. அதே போட்டியில் பதினேழு வயசு நேஹா தாக்கூர் வெள்ளி வாங்கினார். மத்தியப் பிரதேசத்துக்காரர். விவசாயியின் மகள். பயிற்சி எடுத்தது போபால் ஏரியில், படகுப் பயிற்சிப் பள்ளியில். போபாலில் இருந்து கடலைப் பார்க்கணும் என்றால் ரெயிலில் ஒரு ராத்திரி போகணும்!

ஹைதராபாத்திலும் கடல் இல்லை. உசேன் சாகர் ஏரிதான். அதுவும் சாக்கடையில் சிக்கிச் சீரழிந்த ஏரி. அங்கே 2009-ல் ஆரம்பித்த ஒரு படகு கிளப் ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படகில் ஏற்றினது. அந்தப் பிள்ளைகள் தேசியப் பந்தயங்களில் மெடல் வாங்குகிறார்கள். ஏரிக்காரர்கள் செய்ததைக் கடல்காரர்கள் செய்ய முடியாதா?

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகணும் என்று இந்த நிருபர் சொல்லவில்லை. பத்து வயசுக்குள் மிதக்கத் தெரியணும். கடல் இழுத்தால் என்ன செய்யணும் என்று தெரியணும். இதற்குப் படகு வேண்டாம், லட்சமும் வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் காசிமேட்டில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவதும் அதே கோடையில்! கடலைக் கரைத்துக் குடித்த அந்த ஆட்களில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கடற்கரைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்களா என்ன?

குளத்துக்கும் குறைவில்லை. 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டின வேளச்சேரி நீச்சல் குளம் இருக்கிறது. மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. மெரினா குளத்தில் பழகின பையனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகணும் என்றால் ரோட்டைக்கூடத் தாண்ட வேண்டாம். மணலில் இறங்கி நடந்தால் போதும்.